பெயரை மட்டும் மாற்றி எழுதிய அஃபிடவிட்

கார்பன் பேப்பர் வாசம்... கூடவே ஜன்னல் வழியாக வரும் ஆற்று நாற்றம். அறுபதுகள் என்றாலே எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது இவை இரண்டும்தான். அன்றைய சிங்கப்பூர் ஆற்றைத் தெரிந்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை!

சட்டம் படித்து முடித்த கையோடு ஒரு வக்கீலிடம் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். பட்டம் கையில் இருக்கும், ஆனால் கோர்ட்டில் வாய் திறக்க முடியாது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடக்க வேண்டும். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் ஆபீஸ். அங்கே பெண் என்று நான் ஒருத்திதான். அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி.

அப்போதுதான் பாக்கியத்தின் கேஸ் வந்தது.

ஃபேரர் பார்க் பக்கம் ஒரு லாண்டரியில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. துறைமுக வேலையில் புருஷன் செத்துப்போய் ஆறு மாதம். புருஷனின் அண்ணன், அவளுடைய ஆறு வயது மகளைத் தன் பொறுப்பில் விடச் சொல்லி கோர்ட்டுக்குப் போய்விட்டார். பிள்ளையைத் தர முடியாது என்று பாக்கியம் அஃபிடவிட் கொடுக்க வேண்டும். அதாவது, சத்தியம் செய்து தரும் வாக்குமூலம். அதை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

அந்தக் காலத்தில் எதையும் புதிதாக எழுத மாட்டோம். அதே மாதிரி கேஸின் பழைய ஃபைலைத் தேடி எடுத்து, அதைப் பார்த்து எழுதுவதுதான் பழக்கம். எங்கள் தலைமைக் கிராணி, அதாவது ஹெட் கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர். தூசி தட்டி ஒரு ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார்.

"இதைப் பாத்து எழுதுங்கோ தங்கச்சி. பேரை மட்டும் மாத்தினாச் சரி."

மாற்றினேன். ஒரு இடம் விடாமல் மாற்றினேன். அந்த ஆங்கிலத்தின் கம்பீரத்தில் மயங்கி, நானே எழுதியது மாதிரி ரசித்து ரசித்து டைப் செய்தேன். வக்கீல் காலையிலிருந்து கோர்ட்டில். அவர் வந்து பார்க்கட்டும் என்று காத்திருக்கவில்லை. வருவதற்குள் முடித்துவைத்து ஒரு சபாஷ் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை.

பாக்கியத்தையும் மகளையும் அழைத்துக்கொண்டு, சத்தியம் வாங்கும் கமிஷனர் ஆபீஸுக்குப் போனேன். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு முதலில் எல்லாவற்றையும் அவர்கள் மொழியில் படித்துச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. அங்கே இருந்த மொழிபெயர்ப்பாளர் கடகடவென்று தமிழில் சொல்லிக்கொண்டே போனார். நான் கேட்கவே இல்லை. என் டைப்பிங் எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் உண்மைதானா?" என்று கடைசியில் மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"உண்மைங்க."

கட்டைவிரலை மையில் ஒற்றி ரேகை வைத்தாள்.

வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பினாள். அழுகை இல்லை, கோபம் இல்லை. பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கிற குரல்.

"பிள்ளைய இப்பவே விட்டுட்டுப் போகணுமாம்மா? துணியெல்லாம் வீட்டுல இருக்கு... நாளைக்குக் கொண்டுட்டு வரலாமா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையில் இருந்த தாளைப் புரட்டினேன். ஐந்தாவது பத்தி. 'என்னால் என் மகளை வளர்க்க இயலாது. அவளை என் கணவரின் அண்ணனிடம் ஒப்படைக்க முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.'

பழைய ஃபைலில் இருந்த தாய், பிள்ளையைக் கொடுக்கச் சம்மதித்தவள்! அந்தப் பத்தியிலும் நான் பெயரைச் சரியாக மாற்றியிருந்தேன்.

"ஏன்க்கா அவர் படிச்சப்பவே சொல்லல?" என்று கத்தியே விட்டேன்.

"நீங்க படிச்சவங்க எழுதினதாச்சே... சட்டம் இப்படித்தான் போலன்னு நெனச்சேன்."

அங்கேயே அந்தத் தாளை நாலாகக் கிழித்தேன். அவர்களையும் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்குத் திரும்பி, வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அந்தப் பொண்ணு ஒண்ணும் கேக்காம வீட்டுக்குப் போயிருந்தா?" என்றார். அவ்வளவுதான்.

அன்று மாலையே அது கோர்ட்டுக்குப் போயிருக்கும். பழைய ஃபைலை மூடிவிட்டு, பாக்கியத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து, "என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்கக்கா" என்று அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். இரண்டு மணி நேரம் பேசினாள். அதைத்தான் டைப் செய்தோம். பிள்ளை அவளிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பு வந்தது.

இப்போது என் தம்பி பேத்தி அதே பயிற்சியில் இருக்கிறாள். வகுப்பு, பரீட்சை, கம்ப்யூட்டர்... ஒரு பட்டனைத் தட்டினால் பெயரெல்லாம் மாறிவிடுமாம். "அப்ப உங்களுக்கு எவ்ளோ கஷ்டம்லா, பாட்டி!" என்று சிரிக்கிறாள். அந்த டைப்ரைட்டர் சத்தமும் ஆபீஸ் கலகலப்பும் எனக்கு இன்னும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் அவள் ஒரு குறை சொன்னாள். வருகிறவர்கள் எல்லாம் வரிக்கு வரி கேள்வி கேட்டு உயிரை எடுக்கிறார்களாம். ஒரு அம்மா மட்டும் தங்கமாம், எதுவும் கேட்காமல் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாராம்.

"அவங்களுக்கு உடனே போன் பண்ணுடி" என்றேன்.