தோளில் ஒரு கை

“…எடுத்து வச்சிட்டா வீடே காத்துக்கிட்டு இருக்குற மாதிரி ஆயிடும். அந்தப் படத்தப் பாத்துக்கிட்டே நான் சோறாக்கணுமா?”

பாலோவில் மணியம் அண்ணன் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து அவர் மனைவி சரோஜா அக்காவின் குரல் வந்தது. அண்ணனுக்குச் சொன்னதா எனக்கா என்று தெரியவில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உள்ளே போனேன்.

காலை ஏழரைக்குத் தம்போயில் என் வீட்டிலிருந்து புறப்பட்டிருந்தேன். லார்க்கின் நிலையத்தில் பேருந்து ஏறி யோங் பெங்கில் இறங்கினேன். அங்கிருந்து பாலோ முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, டாக்சிதான். வழி நெடுகச் செம்பனை, மேலே கறுத்துக்கொண்டு வரும் வானம். ஓட்டுநர் நம் ஆள். என் முக்காலியையும் பழைய கேமராவையும் பார்த்துவிட்டு, “எடுத்த படத்த உடனே பாக்க முடியாதுன்னா அது எதுக்குலா?” என்றார். நானும் பல நாள் என்னையே கேட்டுக்கொண்ட கேள்விதான்.

இந்த முறை பதில் இருந்தது. மணியம் அண்ணனும் நானும் தம்போயில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவர் சாயம் தெளிக்கும் பகுதியில் இருந்தார். இப்போது நுரையீரல் போய்விட்டது. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம். அவருடைய அண்ணன் இறந்தபோது அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறார்கள். முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக, வந்தவர்கள் யார் இது என்று கேட்டார்களாம். தனக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் என்னை அழைத்தார். கைப்பேசியில் எடுக்கலாமே என்றதற்கு, “அது என்னை கொரியா நாடக ஹீரோ மாதிரி வெளுத்துக் காட்டுது, தம்பி. சாவு வீட்ல சிரிச்சிருவாங்க” என்றார்.

ஆகவே மெதுவான கலர் பிலிம், வேகம் ஐம்பது. படத்தின் புள்ளிகள் அவ்வளவு சன்னம். எவ்வளவு பெரிதாக்கினாலும் முகம் முகமாகவே நிற்கும். ஆனால் வெளிச்சம் நிறையக் கேட்கும். நான் போய்ச் சேரவும் மழை பிடித்துக்கொண்டது. இயந்திரத்தின் வயர் சன்னல் வரைதான் எட்டியது. அங்கே ஒளியை அளந்தேன்: கேமராவின் கண்ணை ஒரு நொடி திறந்து வைக்க வேண்டும். அந்த ஒரு நொடி அவர் அசையக்கூடாது.

குழாயைத் தானே கழற்றினார். மூச்சு வாங்கும்போது மார்பு மட்டுமல்ல, இரண்டு தோளும் ஏறி இறங்கின. நான்கு முறை எடுத்தேன். நான்கும் கலங்கித்தான் வரும் என்று எடுக்கும்போதே தெரிந்தது. உதடு நீலம் பாய்ந்தது. போதும் அண்ணே என்றேன், தலையாட்டி மறுத்தார்.

அதுவரை அடுப்படியை விட்டு வராத அக்கா வந்து, அவர் பின்னால் நின்று, இடது தோளில் கையை வைத்து அழுத்தினார்.

“எடுங்க.”

எடுத்தேன். உடனே குழாயை மாட்டிவிட்டார். கையில்லாமல் இன்னொன்று என்று அண்ணன் சைகை காட்டினார். ஆனால் இன்னொரு முறை அடக்கி உட்கார அவரிடம் மூச்சு இல்லை.

மறுநாள் காலை என் வீட்டு அடுப்படியில் கழுவினேன். இருட்டுப் பைக்குள் கையை விட்டு பிலிமைச் சுருளில் ஏற்றி டப்பாவில் மூடினேன். நம் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பு; கொஞ்சம் கெட்டில் தண்ணீர் சேர்த்தால் முப்பத்தெட்டு டிகிரி வந்துவிடும். அந்தச் சூடு தவறினால் நிறம் கோணிப்போகும். உருத்துலக்கும் கரைசலில் மூன்றேகால் நிமிடம், பிறகு வெளுத்து நிலைநிறுத்தும் கரைசல், பிறகு அலசல். ஈரம் சொட்டச் சொட்ட ஆரஞ்சு நிறப் பட்டையைச் சன்னலில் பிடித்தேன். நெகட்டிவில் நரை கறுப்பாகத் தெரியும். தொழிற்சாலையில் நான் முதலில் பார்த்த மணியம் அண்ணன் அங்கே உட்கார்ந்திருந்தார், ஐந்து தடவை. நான்கில் புகை மாதிரி. ஐந்தாவதில் தாடி மயிர்கூடத் தனித்தனியாக. தோளில் அக்காவின் கை, கண்ணாடி வளையல்களோடு.

அடுத்த ஞாயிறு அதே பேருந்து, மடியில் சட்டம் போட்ட படம். என் வீட்டுச் சுவரில் ஒரு படமும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாம் கைப்பேசிக்குள் கிடக்கின்றன.

அண்ணனால் இப்போது எழுந்து உட்கார முடியவில்லை. இன்னொரு முறை எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. படுத்தபடியே வெகுநேரம் பார்த்தார்.

“மூஞ்சி நல்லாத் தெளிவா இருக்கு, தம்பி. கைய மட்டும் எடுத்திரு.”

வெட்டினால் தோளும் போய்விடும், கடையில் கணினியில் வேண்டுமானால் அழிக்கலாம் என்றேன்.

“அழிச்சிரச் சொல்லு. வளையல் போட்ட கையோட இருக்குற படத்துக்கு யாரு மாலை போடுவா?”

மழை வருமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். எனக்கு அக்காவின் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை.

அக்கா படத்தை வாங்கிக்கொண்டார். “மாலை போடறப்ப பாத்துக்கலாம்” என்றார். அடுப்படிக்குப் போய், அடுப்புக்கு நேர் எதிரே ஆணியில் தொங்கிய மளிகைக் கடை நாட்காட்டியை எடுத்துக் கீழே சாய்த்து வைத்தார். அந்த ஆணியில் படத்தை மாட்டினார். சற்றே கோணலாக நின்றது, நேராக்கினார். பிறகு பானையில் அரிசியைக் கொட்டி, படத்தைப் பார்த்தபடியே களையத் தொடங்கினார்.