முசாபரி பங்களாவில் ஒரு சீசா

யாராவது காரணமில்லாமல் நல்லது செய்தால் தஸ்தகீருக்குப் பிடிக்காது. தாலுகா கச்சேரிச் சேவகன் வந்து, "சாயபு, மதுவிலக்கு வேலைக்கு ஆள் எடுக்கறாங்க. உங்காளுங்க வந்தா நல்லதுன்னு இன்ஸ்பெக்டரே சொன்னாரு" என்றதும் அவனுக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம்தான் வந்தது.

முப்பத்தேழாம் வருஷக் கடைசி. சேலம் ஜில்லாவில் கள்ளும் சாராயமும் கூடாது என்று சர்க்கார் கடைகளை மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது. தருமபுரியில் பச்சியப்பனின் புளி மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தான் தஸ்தகீர். எட்டாவது படித்தவன், ஐந்து வேளையும் தொழுகிறவன். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்குக் கிளம்பினால், "போய்ட்டு வா சாமி, புளி தானா எடை போட்டுக்கும்" என்பார் பச்சியப்பன். அதுகூடப் பரவாயில்லை. இப்போது வேறு பேச்சு. "தை பொறந்து வண்டி வர ஆரம்பிச்சா வெள்ளிக்கிழமையெல்லாம் கெடையாது. மண்டியா மசூதியான்னு நீயே பாத்துக்க."

அதனால் சந்தேகத்தோடேயே போனான். ரம்ஜான் மாதம், நோன்பு வைத்திருந்தான். அதிகாரிகள் வந்து தங்கும் முசாபரி பங்களாவில்தான் ஆள் எடுத்தார்கள். வாசலில் கம்பைநல்லூர் இன்னாசி என்பவன் உட்கார்ந்திருந்தான். அவனும் வேலைக்கு வந்தவன்தான்.

"ஏம்பா, நீங்க எச்சிகூட முழுங்க மாட்டீங்களாமே?"

"முழுங்கலாம்."

"அப்பச் சரி. உள்ள சீசா வெச்சிருக்காங்க. மோந்து பாத்து என்னான்னு சொல்லணுமாம்."

"சொன்னா?"

"சொன்னா குடிகாரன். சொல்லலைன்னா வேலைக்கு ஆகாதவன்." இன்னாசி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான்.

இதை இவன் எதற்கு நம்மிடம் சொல்கிறான் என்று தஸ்தகீர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டுவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் சென்றாயன் சாதுவாகத்தான் இருந்தார். "நோன்பா?"

"ஆமாங்க."

"அப்பப் பொய் வராது. சோதனைக்குப் போற நேரத்துல பாங்கு சொன்னா என்ன பண்ணுவ?"

"வேலைய முடிச்சிட்டு, விட்டதச் சேத்துத் தொழுவேனுங்க. வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் விடணுங்க."

"விட்டாப் போச்சு."

இவ்வளவு சுலபமாகவா? சென்றாயன் மேஜையிலிருந்த சீசாவின் தக்கையை எடுத்து நீட்டினார். தஸ்தகீர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"மூச்சே இழுக்கலியே சாயபு. மோந்தா நோன்பு போயிடுமா?"

"போகாதுங்க."

இழுத்தான். தெரிந்த வாசனை. சமீப காலமாக ராத்திரியில் வீட்டுக்குள் வருகிற வாசனை. "சாராயங்க. அந்த வேலம்பட்டை வாசனை அடிக்குதுங்களே."

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா நிமிர்ந்தார். சென்றாயன் சீசாவை மூடினார்.

"கடையில வித்த சாராயத்துல வேலம்பட்டை வாசனை வராது தம்பி. குடிச்சவனுக்கு அது தெரியும், நீ குடிக்காதவன், ஒனக்குத் தெரியல. இது கடை மூடினப்புறம் திருட்டுத்தனமாக் காய்ச்சறது. ஒரு மாசமாத்தான் ஊருக்குள்ள வருது. நீ எங்க மோந்த?"

எல்லாச் சாராயமும் ஒரே வாசனைதான் என்று தஸ்தகீர் நினைத்திருந்தான்.

"வூட்லயா?"

சென்றாயன் குமாஸ்தாவிடம் எழுத வேண்டாம் என்று கை காட்டினார்.

"பேரு வேணாம். எங்க வாங்குறாங்கன்னு மட்டும் சொல்லு. வேலை ஒனக்கு."

அந்த வாசனையோடு வருகிறவன் அண்ணன் மஹபூப், ஜட்கா வண்டி ஓட்டுகிறவன். சவாரி முடிந்த பிறகும் ஏரிப் பக்கம் வண்டியைத் திருப்புவதை தஸ்தகீர் பார்த்திருக்கிறான். தெரியாது என்றால் பொய். தெரியும் என்றால் அண்ணன் கையில் விலங்கு. கூடப் பிறந்தவன் குறையை ஊரறியச் செய்வதற்கா வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் கேட்டோம்?

"தெரிஞ்சாலும் தெரியாட்டியும் சொல்றதா இல்லீங்க."

சென்றாயன் கோபப்படவில்லை. "சரி, போயிட்டு வா" என்றார். அதுதான் பயமாக இருந்தது.

யாராவது பின்னால் வந்தால் வீடு தெரியக் கூடாதென்று சந்தையைச் சுற்றிக்கொண்டு போனான். நோன்பு திறந்ததும் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னான்.

"நீ ஒண்ணும் சொல்லாமலா வுட்டாங்க?" என்றான் மஹபூப்.

"சொல்லலை பாய்ஜான். நோன்பு வெச்ச வாயால சொல்றேன், நம்பு."

"நோன்பு வெச்சவன்தானடா அங்கயும் உள்ளதச் சொல்லியிருப்பான்?"

காலையில் குதிரை லாயத்தில் நின்றது, வண்டியும் நின்றது, மஹபூப் இல்லை. பெங்களூர் போகும் வழியில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். நாலு நாள் கழித்து இன்னாசி காக்கிச் சட்டையில் வந்து, "அண்ணாரு இல்லீங்களா?" என்று மரியாதையாக விசாரித்துவிட்டு, லாயத்துப் புல்லையெல்லாம் கிளறிப் பார்த்தான்.

தை பிறந்து முதல் வெள்ளிக்கிழமை, பாங்கு கேட்டதும் தஸ்தகீர் தராசடியை விட்டு எழுந்து ஜும்மாவுக்குப் போனான். பச்சியப்பன் சொன்னதைச் செய்கிறவர். மறுநாள் தராசடியில் வேறு ஆள். அதன்பின் அண்ணன் விட்டுப்போன வண்டியைப் பூட்டினான். குதிரை ஓட்டத் தெரியாமல் பள்ளத்தில் இறக்கினான், சவாரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான், பிறகு பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் இன்னாசி கண்ட இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தி, உட்காரும் வைக்கோலைத் தூக்கிப் பார்ப்பான். "கோவிச்சுக்காத சாயபு, மேல எடத்து உத்தரவு." ஒரு தடவைகூட ஒன்றும் அகப்படவில்லை. அதனாலேயே அவன் சந்தேகம் தீரவில்லை.

யுத்த காலத்தில் சர்க்காரே கள்ளுக்கடைகளைத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மஹபூப் ஊர் திரும்பினான். பஸ்ஸை விட்டு இறங்கி, நரைத்த தாடியோடு, சவாரிக்காக நின்றிருந்த தன் வண்டியைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு நின்றான். தஸ்தகீர் கிட்டே போய் மூட்டையை வாங்கினான்.

"கூட யாராச்சும் வந்திருக்காங்களா?" என்றான் அண்ணன்.

"குதிரைதான்" என்றான் தஸ்தகீர்.

மஹபூப் வண்டியின் பின்பக்கம் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு ஏறினான்.