ஸ்கோப்பில் ஆடிய கோடு

அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திண்டிவனத்தில் சின்னதாக ஒரு எலக்ட்ரானிக்ஸ் பட்டறை. விழுப்புரத்திலிருந்து தினமும் பாசஞ்சரில் போய் வந்துகொண்டிருந்தேன். அங்கே முழுக்க முழுக்க நானே வடிவமைத்த முதல் போர்டு, ஒரு கிளாக் சர்க்யூட். வெளியூர் கம்பெனி ஒன்று, துடிப்பு ஆடாமல் இருந்தால் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. சரியாக வராவிட்டால், இனிமேல் டிசைன் வேலையே வேண்டாம், ரிப்பேர் மட்டும் பார்ப்போம் என்று முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார்.

கிளாக் சர்க்யூட் ஒரே சீராகத் துடிக்க வேண்டும். ஒரு துடிப்பு துளி முந்தினாலோ பிந்தினாலோ அதற்கு ஜிட்டர் என்று பெயர். மேலே ஏறிய துடிப்பு எவ்வளவு நேரம் தள்ளாடிவிட்டு நிலைக்கு வருகிறது என்பதையும் அளந்து அனுப்ப வேண்டும். பண்டிகை லீவுக்கு முன் இரண்டும் அழகாக இருந்தன. லீவு முடிந்து வந்து, துடிப்பைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப்பில் மாட்டினால், கோடு பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது!

துடிப்பைத் தரும் கிரிஸ்டலை மாற்றினேன். கெப்பாசிட்டர்களை மாற்றினேன். ஃபேனை நிறுத்திவிட்டு வேர்த்துக் கொட்ட உட்கார்ந்து அளந்தேன். ஊஹூம். முண்டியம்பாக்கத்தில் ரயில் நிற்கும்போதுகூட மடியில் சர்க்யூட் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, எங்கேடி தப்பு பண்ணினாய் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, இன்னும் ஆடிக்கினேதான் இருக்குதா? பெரிய பேஜாரா போச்சே."

"லீவுக்கு முன்னாடி நல்லாத்தான் சார் இருந்துச்சு. நாளைக்கு ஒரு நாள் குடுங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தன் அறைக்குப் போய்விட்டார்.

மறுநாளும் அதே கூத்து. ஆத்திரத்தில், ஸ்கோப்பிலிருந்து போர்டுக்கு வரும் புரோப் வயரின் கிரவுண்ட் கிளிப்பை வெடுக்கென்று பிடுங்கினேன். போர்டின் மேல் மஞ்சளாகத் துணுக்கு ஒன்று உதிர்ந்தது. சந்தனம்.

ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வைப்பதுதான். ஸ்கோப்பின் மேலிருந்த பொட்டைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்தேன். ஆனால் யாரோ புண்ணியவான் கிளிப்பின் பல்லுக்குள்ளும் அப்பியிருக்கிறார்! வெளியே பார்த்தால் கிளிப் நன்றாகக் கவ்வியிருக்கிறது. உள்ளே காய்ந்த சந்தனம் கிரவுண்டைத் தொடவே விடவில்லை. கிரவுண்ட் தொடாவிட்டால், துடிப்பு சரியாக இருந்தாலும் திரையில் கோடு ஆடத்தான் செய்யும். பட்டறையில் உருப்படியான புரோப்பும் அது ஒன்றுதான். என் சர்க்யூட் பாவம், ஒழுங்காகத்தான் துடித்துக்கொண்டிருந்தது.

ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டினேன். கோடு அடங்கி உட்கார்ந்தது. முதலாளி அறைக்கு ஓடினேன்.

"சார், போர்டுல ஒண்ணுமே இல்ல சார்! கிளிப்புல சந்தனம்!"

அவர் முகம் மாறியது. "காலையிலேயே அவங்களுக்குப் போன் பண்ணி, நம்மால முடியாதுன்னு சொல்லிட்டேனேம்மா. அவங்க வேற எடத்துல ஆர்டர் குடுத்துட்டாங்க."

"எந்தப் பாவி சார் கிளிப்புக்கெல்லாம் பொட்டு வைப்பான்?" என்று கத்திவிட்டேன்.

"நான்தாம்மா வெச்சேன்," என்றார் அவர். "உன் மொத போர்டாச்சே, நல்லா வரணும்னு வேண்டிக்கினு வெச்சேன்."

இதற்கு மேல் அந்த மனுஷனை என்னவென்று திட்டுவது? மேஜைக்குத் திரும்பினேன். ரிப்பேருக்கு வந்த இன்வெர்ட்டர் ஒன்றை யாரோ அதற்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.