கணக்கு வகுப்புக்கு வந்த பிள்ளைகள்

அன்பான சகோதர சகோதரிகளே, ஆண்டவர் எனக்குச் செய்த ஒரு நன்மையைச் சொல்ல வருகிறேன். உள்ளதை மறைத்துவிட்டு அவருக்கு மகிமை சேர்க்க முடியாது. அதனால் என் வயிற்றெரிச்சலையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். போன வருடம் ஜூன் மாதம் முதல்வர் என்னைக் கூப்பிட்டார். பி.எஸ்சி. கணிதத்தில் முதல் வருடத்துக்கு அதுவரை சேர்ந்திருந்தது ஆறே பேர்.

"பன்னெண்டு பேராவது இல்லைன்னா இந்த வருஷத்தோட கோர்ஸ மூடிரலாம்னு கமிட்டியில சொல்றாங்க மேடம். நான் என்ன பண்றது?" என்றார்.

கோர்ஸ் போனால் என் வேலையும் போகும். எனக்குத் தெரிந்தது கரும்பலகைக்கு முன்னால் நிற்பது ஒன்றுதான். அன்றைக்கு பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

எங்கள் அறைக்கு அடுத்த அறை கம்ப்யூட்டர் சயின்ஸ். அங்கே நிற்க இடமிருக்காது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த அப்பாமார் என் வாசல் வரைக்கும் வரிசையில் நிற்பார்கள். யாராவது என் பக்கம் திரும்பினால் ஆசையோடு நிமிர்வேன். "கம்ப்யூட்டருக்கு எங்கிட்டுங்க போகணும்?" என்று கேட்பார்கள். அங்கிட்டு என்று கை காட்டிக் காட்டியே எனக்கு அந்த மாதம் போனது.

அந்தத் துறையின் தலைவி ஜெபா. என்னைவிட வயதில் சிறியவள். அறந்தாங்கியில் நாங்கள் போகும் சபையும் ஒன்று, உட்காரும் வரிசையும் ஒன்று. வருடா வருடம் எழுந்து நின்று, "ஆண்டவர் இந்த வருஷமும் என் டிபார்ட்மென்ட்ட நிரப்பிட்டாருங்க" என்று சாட்சி சொல்வாள். எல்லோரும் அல்லேலூயா என்பார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அல்லேலூயா என்பேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், சொந்த வீடு, நல்ல குரல். எனக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. அதற்காக ஜெபிப்பதைக்கூட விட்டுவிட்டேன். இப்போது கணக்குக்கும் ஆள் இல்லை. எல்லோரையும் பார்க்கிற உமக்கு என்னை மட்டும் ஏன் தெரியவில்லை என்று ஆண்டவரிடமே சண்டை போட்டேன்.

அந்தச் சமயம் சபைக்குப் புதிதாக ஒரு போதகர் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் அவரை வாசலில் பிடித்துக்கொண்டேன். பின்னால் ஜெபா வந்துகொண்டிருந்தாள். கோர்ஸை மூடப்போகும் சேதி அவள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்ற அவசரத்தில், "இந்த வருஷமாவது எனக்குப் பிள்ளைங்க வரணும் பாஸ்டர், ஜெபிச்சுக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன். பாடம் எடுக்கிறவர்களுக்குப் பிள்ளைகள் என்றால் படிக்கிற பிள்ளைகள்தான். புதிதாக வந்த மனிதருக்கு அது எப்படித் தெரியும்?

அவர் யாரிடமோ என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். பிரசங்கம் முடிந்ததும் என்னை முன்னால் வரச் சொன்னார். "நம்ம சகோதரி ரொம்ப வருஷமா குழந்தை பாக்கியத்துக்காகக் காத்திருக்காங்க. ரெட்டையாவே குடுக்க நம்ம ஆண்டவரால முடியும்" என்றார். சபை முழுக்கக் கையை உயர்த்தி ஜெபித்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். நான் கேட்டது அது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விட்டுப்போன அந்த ஆசை வேறு திரும்பி வந்தது. எதற்காக அழுகிறேன் என்று எனக்கே தெரியாமல் அழுதேன்.

வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு டாக்டர் பெயரைச் சொன்னார்கள். ஜெபா மட்டும் என் கையைப் பிடித்துத் தனியே கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, நீங்க கேட்டது வீட்டுக்குப் பிள்ளையா, காலேஜுக்குப் பிள்ளையா?"

"காலேஜுக்குத்தான்" என்றேன். கோர்ஸை மூடப்போவதையும் சொன்னேன். சொல்லும்போது உயிரே போனது.

அவள் சிரிக்கவில்லை. "இத எங்கிட்ட சொன்னா என்னக்கா?" என்றாள்.

மறுநாள் என் அறைக்கு எட்டுப் பெண்கள் வந்தார்கள். மீமிசல் பக்கத்துப் பிள்ளைகள். கம்ப்யூட்டரில் இடம் கிடைக்காதவர்கள். "கணக்கு படிச்சிட்டும் எம்.சி.ஏ. சேரலாம்னு ஜெபா மேடம் அனுப்பினாங்க" என்றார்கள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. அவளுக்கு மிஞ்சியதுதான் எனக்கா? உம்மிடம் கேட்டால் அவள் கையாலா கொடுப்பீர் என்று ஆண்டவரைக் கேட்டேன். இடமில்லை என்று சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அப்போது கஸ்தூரி என்ற பெண், "இங்கயும் இல்லைன்னு சொல்லிருவீங்களா மேடம்?" என்றாள். உட்காருங்கம்மா என்றேன். அதை என் வாயில் வைத்தவர் ஆண்டவர்தான்.

பதினான்கு பேரோடு வகுப்பு தொடங்கியது. கொஞ்ச நாளில் இன்னொரு சோதனை. கம்ப்யூட்டருக்குக் கூடுதல் இடம் கிடைத்துவிட்டது, விரும்புகிறவர்கள் மாறிக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை. அதை வகுப்பில் நான்தான் படிக்க வேண்டும். ஒளித்துவிடலாமா என்று மனது அடித்துக்கொண்டது. ஸ்டாஃப் ரூமில் கண்ணை மூடினேன். "ஆண்டவரே, அவள் மேல் எனக்குப் பொறாமை போகவில்லை. போகாமலே கேட்கிறேன். இந்தப் பிள்ளைகளை என்னிடமே விட்டுவையும்" என்று ஜெபித்தேன். பிறகு போய் ஒரு வரி விடாமல் படித்தேன்.

இரண்டு பேர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்னும் ஒருத்தி எழுந்தாலும் என் கதை முடிந்தது. பார்க்கப் பயந்து கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன். பின்னால் பெஞ்சு நகர்ந்தது. கஸ்தூரி எழுந்து நின்றாள்.

"மேடம், ரூட் டூவ பின்னமா எழுத முடியாதுன்னு நேத்து நிரூபிச்சிட்டிருந்தீங்க. பாதியில பெல் அடிச்சிருச்சு. மிச்சத்தையும் போடுங்க மேடம்."

சாக்பீஸை எடுத்து மிச்சத்தையும் போட்டு முடித்தேன்.

இன்று அந்தப் பன்னிரண்டு பேரும் இரண்டாம் வருடம். கோர்ஸ் இருக்கிறது, நானும் இருக்கிறேன். குழந்தைக்காக மறுபடி ஜெபிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஜெபா சாட்சி சொல்ல எழுந்தால் இப்போதும் வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. ஆனாலும் ஒரு கஷ்டம் என்றால் முதலில் அவளிடம்தான் சொல்கிறேன்.

பிரியமானவர்களே, மனது சுத்தமான பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். எரிகிற வயிற்றோடு போன என்னை அவர் தள்ளிவிடவில்லை. நீங்களும் கேளுங்கள். யார் கையில் கொடுத்து அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.