என் நாய் இல்லை என்று சொன்னேன்

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. பெரிய வெள்ளி கழிந்து இரண்டாவது வாரம். இடம், கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டிய. மெயின் ரோட்டில் இருந்து படி இறங்கினால் கீழே எங்கள் வீடு. நானும் மகளும் மட்டும்தான். மகளுக்குக் கண்டி டவுனில் துணிக்கடையில் வேலை. காலையில் ஏழு மணி பஸ்ஸுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். நான் ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். வயதாகி வேலையை விட்ட பிறகு மகளோடு வந்து சேர்ந்தேன்.

எனக்கு ஆட்களோடு பேசக் கூச்சம். சின்ன வயதிலேயே அப்படித்தான். கடையில் நாலு பேர் நின்றால் நான் வெளியே நிற்பேன், எல்லாரும் போன பிறகுதான் உள்ளே போவேன். அதனால் பகல் முழுக்க எனக்குத் துணை ஒரு நாய்தான். மீன்காரர் வண்டிக்குப் பின்னால் வந்த நாய், வண்டி போன பிறகும் எங்கள் படியிலேயே நின்றுவிட்டது. செம்பட்டை நிறம், பெட்டை, ஒரு காது மட்டும் மடிந்து தொங்கும். நான் மாதா கோயிலுக்குப் போனால் பூசை முடியும்வரை வெளியே காத்திருக்கும். ஒரு மழை நாளில் நான் படியில் சறுக்கி விழுந்து எழும்ப முடியாமல் கிடந்தபோது, மேல் வீட்டு ஆட்கள் வந்து தூக்கும்வரை குரைத்தது அதுதான்.

அதற்கு நான் பேர் வைக்கவில்லை. தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில், நாங்கள் யாரும் நாய்க்குப் பேர் வைத்ததில்லை. பன்னிரண்டு காம்பராவுக்கும் சேர்த்து ஒரு நாய் இருக்கும். எந்த வாசலில் சோறு கிடைக்கிறதோ அந்த வாசலில் படுக்கும். யாராவது ஒருவர் பேர் வைத்துவிட்டால் மற்றவர்கள், "அப்ப ஒங்க நாயிதானே, நீங்களே சோறு போடுங்க" என்று கையை விரித்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை. "வா" என்பேன், வரும். "போ" என்பேன், போகாது. அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

அந்தக் கிழமை ரோட்டில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று இரண்டு நாளாக ஓடியது. நாய்களுக்கு வெறி பிடிக்காமல் இருக்க விசர்நாய் ஊசி போடுவது பற்றித்தான். வேகமான சிங்களத்தில் சொன்னதால் எனக்குப் பாதிதான் விளங்கியது. ஊசி அட்டை இல்லாத நாயைப் பிடித்துப் போவார்கள், வீட்டுக்காரர் மேல் வழக்குப் போடுவார்கள் என்று நானாக விளங்கிக்கொண்டேன். ஊசி போடும் இடத்துக்கு நாயைக் கயிற்றில் கட்டிக்கொண்டு, அத்தனை பேருக்கு முன்னால் வரிசையில் நிற்க வெட்கப்பட்டு நான் போகவில்லை. அந்தப் பயம் மனதில் இருந்தது.

மறுநாள் காலை படிக்கட்டுக்கு மேலே ஒரு வெள்ளை டபுள் கெப் வண்டி வந்து நின்றது. கையில் புத்தகத்தோடு இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். ஒருவர் தமிழ் ஆள், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல மரியாதையாகப் பேசினார்.

"அம்மா, இது ஒங்க நாயா?"

ஊசி அட்டை கேட்க வந்தவர் என்றே நினைத்தேன். "இல்லீங்க" என்றேன்.

"சோறு போடுறீங்கதானே?"

"மிச்சம் இருந்தா போடுவேன். ரோட்டு நாயிங்க அது."

"பேர் என்ன?"

"பேரெல்லாம் இல்லீங்க."

வழக்குப் போட வந்தவர் இதைக் கேட்டு முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்! "ரொம்ப நல்லது அம்மா" என்று சொல்லி எழுதிக்கொண்டார். போனில் நாயைப் படம் எடுத்தார், மடிந்த காதைத் தனியாக ஒரு படம். போய்விட்டார்கள். சொந்தக்காரர் இல்லாத நாய் என்றால் இவருக்கு என்ன சந்தோஷம் என்று அன்று பகல் முழுக்க எனக்கு விளங்கவில்லை. நாயோ ஒன்றும் தெரியாமல் என் காலில் தலை வைத்துப் படுத்திருந்தது. சேவல் கூவும் முன்னே ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் சொன்ன இராயப்பர் நினைவுக்கு வந்தார். இப்போதுதானே இரண்டு கிழமைக்கு முன்னால் கோயிலில் அந்த வாசகத்தைக் கேட்டுவிட்டு வந்தேன்.

பின்னேரம் ரோட்டில் சத்தம். எங்கள் ரோட்டின் மேல் முனையில் ஒரு பெரிய சிங்கள அரசியல் தலைவரின் வீடு இருக்கிறது. அந்தத் தலைவர், அவருடைய மனைவியான நோனா, பதினொரு வயது மகள், காலையில் வந்த தமிழ்த் தம்பி, எல்லாரும் எங்கள் படியில் இறங்கி வருகிறார்கள். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். தம்பிதான் வந்து விளக்கினார். அவர் தலைவரின் செக்ரட்டரியாம். அவர்கள் வீட்டு வெளிநாட்டு நாய் வயதாகிச் செத்துப் போயிற்றாம். இனி விலைக்கு வாங்குவதில்லை, நம் ரோட்டில் அநாதையாகத் திரியும் நாய் ஒன்றைத்தான் வளர்ப்போம் என்று தலைவர் டிவியிலேயே சொல்லிவிட்டாராம். மகள் பார்த்துப் பிடித்ததை எடுக்க மூன்று நாயைத் தம்பி எழுதி வைத்தாராம். பேக்கரி வாசலில் ஒரு குட்டி, ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு வெள்ளை நாய், மூன்றாவது இது.

அந்தப் பிள்ளை படியிலேயே உட்கார்ந்துவிட்டது. பாடசாலை வெள்ளைச் சட்டை அழுக்காகிறதே என்றுகூடப் பார்க்கவில்லை. கூப்பிடவும் இல்லை, கையில் பிஸ்கட்டும் இல்லை. சும்மா உட்கார்ந்தது. தெரியாத ஆள் வந்தால் பத்தடி தள்ளி நிற்கிற என் நாய், மெதுவாகப் போய் அந்தப் பிள்ளையின் மடியில் முகத்தை வைத்தது. எனக்கு வந்தது கோபமா, பொறாமையா, அந்தப் பிள்ளையைப் பார்த்து வந்த பாசமா? மூன்றும் ஒன்றாக வந்ததுபோல் இருந்தது.

"அம்மே, இதுதான்" என்றது பிள்ளை.

"குட்டி வேணாமா? இது வளர்ந்த நாய் மகள்" என்றார் நோனா.

"இதுதான்."

தலைவர் கதவுப் பக்கம் வந்து என்னிடமே கேட்டார், சிங்களத்தில். "அம்மா, நீங்கதான் பார்த்துக்கிட்டீங்களாம். நாங்க கூட்டிட்டுப் போனா மனவருத்தம் இல்லையே?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் காலையில் இல்லை என்று சொன்ன வாய். இப்போது என் நாய்தான் என்றால் நான் பொய்க்காரி. அதை எழுதிக்கொண்டு போன அந்தத் தம்பியும் தலைவருக்கு முன்னால் பொய்க்காரர் ஆகிவிடுவார். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "கூட்டிட்டுப் போங்க ஐயா" என்றேன். மேலே ரோட்டில் நின்ற அவர்களின் வண்டியில் நாய் ஏறவில்லை, காலை ஊன்றிக்கொண்டு நின்றது. நான்தான் பின்னால் கை கொடுத்து ஏற்றிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேனோ!

இருட்டிய பிறகு மகள் வந்தாள். வீடெல்லாம் மயிர் என்று தினமும் நாயை ஏசுகிறவள், படியில் அதைக் காணாமல் நின்றாள். நான் நடந்ததைச் சொன்னேன்.

"ஒங்க நாயான்னு கேட்டா ஆமான்னு சொல்றதுக்கு என்னம்மா?"

"வழக்குப் போட வந்தவங்கன்னு நெனைச்சேன்."

"ஒங்க மேல வழக்கா? கோர்ட்டுல நீதவான் ஒங்க வாயிலருந்து ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள அவருக்குப் பென்ஷன் வந்துரும்!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு நாள் நல்லதில்லை என்று நோனா நாயை வீட்டுக்குள் எடுக்கவில்லையாம். மிருக வைத்தியரிடம் இரண்டு நாள் விட்டு, ஊசி போட்டுக் குளிப்பாட்டி, மூன்றாம் நாள் சுபநேரம் பார்த்து வீட்டுக்கு எடுப்பது என்று ஏற்பாடு. அந்த வீட்டில் புது வாகனம் வந்தாலும் சரி, புது அடுப்பு வந்தாலும் சரி, நேரம் பார்த்துத்தான் உள்ளே போகும். இதுவும் அப்படித்தான். ஒன்பது மணி பதினெட்டு நிமிஷத்துக்கு, கிழக்கே பார்த்து, நாய் தன் காலால் நடந்து கேட்டைத் தாண்ட வேண்டும். தூக்கிக்கொண்டு போகக் கூடாது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

மூன்றாம் நாள் நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். செக்ரட்டரி தம்பி படியில் ஓடி வந்தார். சட்டை வேர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"அம்மா, சீக்கிரம் வாங்க. ஒங்க நாய் கேட்டுல உக்காந்துக்கிட்டு உள்ள வர மாட்டேங்குது. டிவிக்காரங்க எல்லாம் நிக்கிறாங்க. இன்னும் ஆறு நிமிஷந்தான் இருக்கு."

ஒங்க நாய் என்றார். அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது! அதை நினைக்கக்கூட நேரம் இல்லை. உடுத்தியிருந்த பழைய சேலையோடு, விளக்குமாற்றைக்கூட மேல் படி வரை கையில் கொண்டுபோய், அங்கே மதிலில் சாத்திவிட்டு ஓடினேன்.

கேட்டுக்கு முன்னால் கூட்டம், கேமரா. உள்ளே வாசலில் குத்துவிளக்கு எரிகிறது, வாழை இலையில் பாற்சோறு. நடுவில் என் நாய், கழுத்தில் சிவப்புப் பட்டி கட்டி, சவர்க்கார வாசத்தோடு, கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடி வந்து சேலையில் முகத்தைத் தேய்த்தது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பூமிக்குள் போய்விட மாட்டோமா என்று இருந்தது. தம்பி கையில் மணிக்கூட்டோடு, "இப்ப அம்மா, இப்ப" என்றார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டேன். "வா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நான் முன்னால், நாய் பின்னால், அந்த வீட்டுப் பெரிய கேட்டுக்குள்ளே போனோம். எல்லாரும் கை தட்டினார்கள். யாருக்குத் தட்டினார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பாற்சோற்றை வைத்தார்கள். நாய் சாப்பிடவில்லை. என்னைப் பார்த்தது. பழக்கம், "தின்னு" என்றேன். தின்றது. அந்தப் பிள்ளை அதைப் பார்த்துவிட்டது.

"ஆச்சி, இது ஒங்க நாயா?"

செக்ரட்டரியும் தலைவரும் கேட்டபோது வந்ததைவிடப் பெரிய பயம் அந்தப் பிள்ளை கேட்டபோது வந்தது. ஆமா என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. கண்ணில் தண்ணி வந்துவிட்டது. தலைவர் கையைக் காட்டினார், கேமராக்காரர்கள் வெளியே போனார்கள். ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். ஊசி போடுகிற ஆட்கள் என்று நினைத்துவிட்டேன் என்றேன். நோனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. தலை குனிந்து நின்ற தம்பியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"அம்மா, கூப்பிடுங்க. வந்தா கூட்டிட்டுப் போங்க. டிவியில என்ன காட்டுறாங்கன்னு நான் பார்த்துக்கிறேன்."

பிள்ளை பட்டியில் இருந்து கையை எடுத்தது. யாரும் சொல்லாமல் தானாகவே எடுத்தது. எடுத்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தது. நாய் பிள்ளையின் காலடியில், குளிர்ந்த தரையில் வயிறு பட நீட்டிப் படுத்திருந்தது. அப்படி நிம்மதியாக அது படுத்து நான் பார்த்ததில்லை.

நான் கூப்பிடவில்லை. கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன். ரோட்டுக்கு வந்த பிறகுதான் செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருப்பது தெரிந்தது. பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதனால் நாய் எழும்பி நின்றதா, படுத்தபடியே இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

"கூப்பிட்டிருந்தா வந்திருக்குமேம்மா" என்றாள் மகள்.

"வராட்டி?"

"வராட்டி வெறுங்கையோட வந்திருப்பீங்க. இப்ப மட்டும் நாயோடயா வந்திருக்கீங்க?"



நோனா எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கச் சொன்னார். இரண்டு தரம் போனேன், பிறகு கூச்சத்தில் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது அது கேட்டுக் கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டும், தடவிவிட்டுப் போவேன். கொழுத்திருக்கிறது. அதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். பிள்ளை கூப்பிட்டால் காதை நிமிர்த்திக்கொண்டு ஓடுகிறது. மடிந்த காதைக்கூட நிமிர்த்தப் பார்க்கிறது. ஒரு நாள் பஸ்ஸில் யாரோ, "இந்தக் குடை யாருடையது?" என்று கேட்டார். "என்னுடையது, என்னுடையது" என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். அந்த அளவுக்குப் படித்துக்கொண்டேன்.

ஆனால் அன்றைக்கு என் வாயை அடைத்தது, அந்தப் பிள்ளை அழுதுவிடும் என்ற இரக்கமா, கூப்பிட்டும் நாய் வராமல் போய்விடும் என்ற பயமா என்று இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை. யாராவது என்னை நல்ல மனசுக்காரி என்று சொன்னால் அதனால்தான் நான் ஒன்றும் பேசாமல் இருந்துவிடுகிறேன்.