பதினொன்றரை மணி வெடி

டி.சி.யை எழுதியே வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போவது மட்டும்தான் என் வேலையாம். மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. ஆட்டிசம். பேச்சு குறைவு, எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அவள் தினமும் பதினொன்றரை மணிவாக்கில் காரணமே இல்லாமல் அலறுகிறாள், பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள், மற்ற பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது என்றார் தலைமையாசிரியை. ஏற்கெனவே இரண்டு பள்ளிகளில் கையை விரித்துவிட்டார்கள். இதையும் விட்டால் அவளுக்கு வீடுதான்.

அவளுடைய மாற்றுத்திறனாளிச் சான்றிதழை மேசைமேல் போட்டுச் சட்டம் பேசினேன். இப்படிப்பட்ட பிள்ளையை வெளியே அனுப்ப உங்களுக்கு உரிமை கிடையாது என்று கத்தினேன். ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றார்.

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தேன். அவரும் நாற்காலி போட்டுக்கொண்டார். மகள் ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தாள். திடீரென்று பென்சிலைப் போட்டுவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினாள்.

"பாத்தீகளா? ஒண்ணுமே நடக்கல" என்றார்.

எனக்கும் ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. அவமானமாக இருந்தது. போய் அவளைத் தூக்கினேன். என் கைக்குள் அவள் உடம்பு மறுபடியும் தூக்கிப்போட்டது. அப்போதுதான் எனக்குக் கேட்டது.

பள்ளிக்குப் பின்னால்தான் எங்கள் பட்டாசுக் கம்பெனி. லோடு ஏற்றுமுன் சரக்கில் ஒன்றிரண்டை எடுத்துப் பொட்டலில் வெடித்துப் பார்ப்பது வழக்கம். போர்மேன் நான். மற்ற நாட்களில் திரியைக் கொளுத்துவதே நான்தான். கேட்டுக் கேட்டு இந்த ஊரில் எவருக்கும் அது சத்தமே இல்லை. பதினொன்றரை என்று அவர் சொன்னபோதுகூட என் மரமண்டையில் ஏறவில்லை. பள்ளியில் ஏன் கத்துகிறாய் என்று ஒருமுறை அவளை அடித்திருக்கிறேன். அந்தக் கையை ஒடித்துப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

வெடிதான் காரணம் என்றேன். தலைமையாசிரியை நம்பவில்லை.

"அதுவா? அது தெனமும் போடுறதுதான?"

"தெனமுந்தான டீச்சர் இவளும் அலறுறா?"

நேரே மேனேஜரிடம் போனேன். பள்ளி விட்ட பிறகு வெடித்துப் பார்க்கலாம் என்றேன். இருநூறு பிள்ளைகள் பேசாமல் இருக்கும்போது ஒருத்திக்காக நேரத்தை மாற்றுவதா என்றார்.

"வெடி ஊருல பொறந்துட்டு வெடிக்குப் பயந்தா எப்பிடிலே? நாலு நாள் பக்கத்துல நிப்பாட்டு, தெளிஞ்சிரும்."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். இனிமேல் பதினொன்றரைக்குத் திரியைத் தொடமாட்டேன், போர்மேன் வேலைக்கே வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். தீபாவளி சீசன், ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஐந்து மணிக்கு மாற்றினார்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். மகள் ஒருநாள்கூட அலறவில்லை. டி.சி.யை என் கண்முன்னே கிழித்துப் போட்டார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

"எம்புட்டு அமைதியாயிட்டா! எந்த டாக்டர்ட்டக் காமிச்சீக?"

பதினொன்றரை வெடி நின்று பதினைந்து நாளாகியிருந்தது. அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.