எஞ்சின் ஆறுவதற்கு ஒரு ஜெபம்

இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாகப் பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். அம்மா இருக்கிறவரை எழுதக் கூடாது என்று இருந்தேன். அவள் போன பிறகும் கை வரவில்லை. நான் அதிகம் படித்தவளும் இல்லை. இந்த மாதா திருநாளுக்குள் எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். அருப்புக்கோட்டையில் இருந்தோம். அப்பா ஒரு கமிஷன் கடைக்காகப் பரளச்சி, திருச்சுழிப் பக்கமெல்லாம் போய்ப் பருத்தி பார்த்து வருவார். அதற்காகப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார்.

தம்பி பிறந்தபோது அம்மா பிழைத்ததே பெரிது. வேளாங்கண்ணிக்கு வந்து தன் கையால் மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ந்திருந்தாள். தம்பி ஓடித் திரிய ஆரம்பித்தும் நேர்ச்சை அப்படியே கிடந்தது. அம்மாவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது என்றார்கள். ஒரு தடவை விருதுநகருக்குக் கிளம்பி, பாலவனத்தத்திலேயே இறங்கி நடந்து திரும்பிவிட்டாள். கோவிலில்கூடக் கதவோரமாகத்தான் இருப்பாள்.

“பஸ்ஸு வேணாம். வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன்” என்றார் அப்பா.

“அம்புட்டுத் தூரமா? ஊரு சிரிக்கும்ங்க.”

“சிரிச்சுட்டுப் போகுது. நீ மெழுகுதிரிய எடுத்து வையி.”

அன்றிலிருந்து வாசலில் வண்டி வேலைதான். பின் சீட்டை அகலமாக்கினார். பருத்திக்காரர் பருத்தியைத்தானே நம்புவார்? நல்ல பஞ்சாகப் பார்த்து மெத்தை போல அடைத்தார். அம்மாவை ஏற்றிப் பார்க்கவென்று திருச்சுழி போய்த் திரும்புவதற்குள் பஞ்சு அழுந்திக் கல்லாகிவிட்டது. அம்மாவால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. அப்பா சளைக்கவில்லை. பஞ்சை உருவிப் போட்டுவிட்டு, இரும்புச் சட்டத்தில் கட்டில் நாடாவை இழுத்துப் பின்னினார். அதன் மேல் ரெக்சின் உறை. அதையும் தைக்காமல், நினைத்தபோது கழற்றிக் கழுவுகிற மாதிரி முடிச்சுப் போட்டார். ஒருபக்கமாக உட்காரும் அம்மாவுக்கு இரண்டு பாதமும் ஊன்ற ஒரு பலகை, சாய்ந்துகொள்ள ஒரு தட்டு. ஒரு பக்கம் தண்ணீர்க் கேன். மறுபக்கம் நாலு மூங்கில் கம்பும் சுருட்டிய காடாத்துணியும்.

பக்கத்து வீட்டு மாமா, அப்பாவோடு படித்தவர், வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “ஏலே, சப்பரமா கட்டுற? சொரூபத்த எங்க வைப்ப?”

“பின் சீட்டுலதான்லே.”

“கம்பும் துணியும் எதுக்கு?”

“வெயிலுக்கு” என்றார் அப்பா, தலை நிமிராமல்.

தம்பியை அத்தை வீட்டில் விட்டுவிட்டு விடியலில் கிளம்பினோம். நான் முன்னால் பெட்ரோல் டாங்கின் மேல். பொட்டல் காடு, தார் ரோடு, அங்கங்கே ஒரு வேலமரம். கொஞ்ச தூரம் போனதும் வண்டி நிற்கும்.

“எஞ்சின் சூடாயிருச்சு பாப்பா. அந்த மரத்துக்கிட்டப் போயி, திரும்பிப் பாக்காம ஒரு அருள் நிறை மரியே சொல்லிட்டு வா. ஆறிரும்.”

கண்ணை இறுக மூடிக்கொண்டு சொல்வேன். நான் வரும்போது அப்பா காடாத்துணியைச் சுருட்டிக்கொண்டிருப்பார். ஒரே உதையில் வண்டி கிளம்பும். ஒருமுறை அவசரமாகச் சொல்லி முடித்துக் குரல் கொடுத்தேன். “இன்னொண்ணு சொல்லு, இன்னும் ஆறல” என்றார். என் ஜெபத்தில்தான் குறை என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். வழியில் ஒரு ராத்தங்கல் போட்டு, வேளாங்கண்ணி போய்ச் சேரும்வரை இப்படித்தான்.

அங்கே அம்மா குளித்து, புதுச்சேலை கட்டி, கதவோரம் நிற்காமல் கூட்டத்தைத் தாண்டிப் பீடத்துக்கு முன்னாலேயே போய் மெழுகுதிரி ஏற்றினாள். அப்படி அழுதாள். வண்டி கெடாமல் வந்ததற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

ஊருக்கு வந்ததும் மாதா எஞ்சினை ஆறவைத்த கதையைத் தெரு முழுக்கச் சொன்னேன். மாமா சிரித்தார். “அந்த எஞ்சினா? பருத்தி மூடையோட பகல் பூரா ஓடும். அது என்னைக்கு நின்னுச்சு?”

“பாப்பா சொல்றது நெசந்தான்” என்றார் அப்பா. 

எனக்கே இரண்டாவது பிரசவம் ஆன பிறகு, ஒருநாள் பஸ்ஸில் சிறுநீரை அடக்க முடியாமல், நிறுத்தச் சொல்லவும் வாய் வராமல், நனைந்த சேலையோடு இறங்கி நின்றேன். அப்போதுதான் அந்த நாலு கம்பும், சுற்றி மறைக்கிற காடாத்துணியும் ஞாபகம் வந்தன. அம்மாவிடம் நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு, காரணம் சொல்ல முடியாமல் வீட்டோடு கிடக்கிற ஒருத்தியைத் தெரிந்திருக்கும். அவளிடமும் அவள் வீட்டுக்காரரிடமும் இதைச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மரத்தடியில் நான் சொன்ன ஜெபத்தையும் விட்டுவிடாதீர்கள். அதுவும் கேட்கப்பட்டதுதான்.